பல் பிடித்துப் பார்த்த வயது

2001ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மாளிகாவத்தையிலிருந்து ஓர் ஆசிரியை புதுக்கடையில் இருந்த என் அறைக்கு வந்தார். தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்காரர். கையில் வழக்குக் கட்டோ பத்திரமோ எதுவுமில்லை. "முன் வீட்டில ஒரு புள்ள இரிக்கி மிஸ். ரெண்டு வருஷமாப் பாக்கிறன். அவ படி எறங்கி நான் ஒரு நாளும் காணல்ல" என்றார்.

அவ்வளவுதான் முறைப்பாடு. அடித்தார்கள், சூடு வைத்தார்கள் என்ற பேச்சே இல்லை. படி இறங்காத பிள்ளை, அவ்வளவுதான். மாளிகாவத்தையை அறிந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய முறைப்பாடு என்று விளங்கும். அங்கே பிள்ளைகள் படியில்தான் வளர்கிறார்கள். வீட்டுக்குள் இடம் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டால் படிக்கட்டு, படிக்கட்டு சலித்தால் பி.டி. சிறிசேன மைதானம், கெத்தாராமையில் மேட்ச் இருந்தால் விளையாட்டரங்கின் மதிலோரம். அப்படியொரு இடத்தில் ஒரு பிள்ளை இரண்டு வருஷமாக வாசலைத் தாண்டவில்லை.

வீட்டுக்காரர்கள் கெட்ட பெயர் எடுத்தவர்கள் அல்லர். கோயிலுக்குப் போகிற, கடனைத் தவணை தப்பாமல் கட்டுகிற ஒரு தமிழ்க் குடும்பம். முன் அறையில் மூன்று ஜுக்கி தையல் இயந்திரங்கள். சிறு பிள்ளைகளுக்கான சட்டை தைத்து, புறக்கோட்டை கெய்சர் வீதிக் கடைகளுக்குக் கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள். பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த அந்தப் பிள்ளை காலையில் தேநீர் வைப்பாள், பாத்திரம் கழுவுவாள், கைக்குழந்தையைப் பார்ப்பாள். இரவு எல்லாரும் சாப்பிட்டபின், தைத்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பாள், பொத்தான் வைப்பாள். துணிக்கட்டுகளுக்கு நடுவே படுப்பாள். அவளுடைய பெயரை எழுதமாட்டேன். பிள்ளை என்றே சொல்கிறேன்.

ஆசிரியை போனபின் நான் இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. அதற்கொரு காரணம் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். 1974இல், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை வந்தாள். 1973, 1974 தோட்டங்களில் பட்டினிக் காலம். பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்து, லயங்களில் சாவு விழுந்தது. மலையகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலேறி வந்து கொழும்புத் தெருக்களில் கையேந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். நான் சீருடை போட்டுக்கொண்டு புறப்படும்போது அவள் என் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அம்மா அவளை அடித்ததில்லை. பழைய கவுன்கள் எல்லாம் அவளுக்குத்தான். "எங்கட பிள்ளை மாதிரி" என்று அம்மா வருகிறவர்களிடம் சொல்வார். 1977 கலவரத்துக்குப் பிறகு அவளைத் தகப்பன் வந்து கூட்டிப்போனார். அவளுக்கு எழுதத் தெரியுமா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை முறைப்பாட்டை எழுதினேன். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அப்போது புதிது. ஆட்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். அந்த வாரமே பொலிஸார் போய்ப் பிள்ளையை அழைத்துவந்தார்கள். நன்னடத்தை அலுவலர் ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்தார். வழக்கு மாளிகாகந்த நீதவான் நீதிமன்றத்தில். பொலிஸார்தான் வழக்குத் தொடுநர். நான் பிள்ளையின் நலன் கருதி முன்னிலையானேன்.

குற்றச்சாட்டு 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 14 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைத்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அனுபவசாலி. மூன்று வாதங்களை வைத்தார். பிள்ளை வேலைக்கு வரவில்லை, வீட்டில் ஒருத்தியாக வளர்ந்தாள். தையல் குடும்பத் தொழில். ஒரே குடும்பத்தவர் மட்டும் வேலை செய்யும் தொழிலகத்துக்கு அந்தச் சட்டம் விலக்குத் தருகிறது. எப்படிப் பார்த்தாலும் அவளுக்கு 14 முடிந்துவிட்டது.

முதல் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் கவனியுங்கள். "எங்கட பிள்ளை மாதிரி" என்ற சொல்லை நான் சிறு வயதில் அன்பின் சொல்லாகக் கேட்டவள். அன்றைக்கு அதே சொல் சட்டத்தின் விலக்குக்குள் நுழைவதற்கான சாவியாக நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது.

பிள்ளையின் சாட்சியத்தில்தான் நாங்கள் முதலில் சறுக்கினோம். நீதிமன்ற முதலியார் சிங்களத்தில் வந்த கேள்வியைத் தமிழில் கேட்டார்: அந்த வீட்டில் நீ என்ன வேலை செய்தாய்? பிள்ளை யோசித்தாள்.

"வேலை ஒண்ணும் செய்யலீங்க."

எதிர்த்தரப்பில் ஓர் அசைவு. பொலிஸ் சார்ஜன் என்னைப் பார்த்தார். இரவில் என்ன செய்வாய் என்று கேட்கச் சொன்னோம். "நூலு வெட்டுவேங்க." சமைப்பது யார்? "நாந்தாங்க. அது வேலை இல்லீங்களே. வேலைன்னா மலையில பேர் போடுறது."

முதலியார் தடுமாறினார். 'பேர்' என்பதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது? நான் எழுந்து விளக்கினேன். தோட்டத்தில் காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் விழுந்து, கணக்குப்படி கொழுந்து நிறுத்துப் போட்டால் அது ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், ஏனென்றால் அதற்குத்தான் சம்பளம். சம்பளமில்லாத எதையும் வேலை என்று சொல்ல அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. நீதவான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு, நூல் வெட்டியதற்கு உன் கையில் யாராவது காசு தந்தார்களா என்று தானே கேட்டார். இல்லையென்று தலையசைத்தாள்.

வீட்டில் ஒருத்தி என்ற வாதம் அன்றே பலமிழந்தது. குடும்பத் தொழில் என்பதும் அதனோடு போயிற்று. எஞ்சியது வயது.

பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லை. கூட்டிவந்த தரகர் கொடுத்த துண்டுக் கடிதத்தில் 15 என்று இருந்தது. சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பினார்கள். மணிக்கட்டையும் முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார். இரண்டாம் கடைவாய்ப்பற்கள் வந்துவிட்டன, ஞானப்பல் அறிகுறியில்லை. 13க்கும் 15க்கும் இடையில் என்று அறிக்கை வந்தது. நேர்மையான அறிக்கை. பல்லும் எலும்பும் அதற்குமேல் துல்லியமாகச் சொல்லாது; மலையகத்துப் பிள்ளையின் வளர்த்தியில் பசியும் சேர்ந்திருக்கும். ஆனால் 14 என்ற கோடு அந்த 13க்கும் 15க்கும் நட்டநடுவில் விழுகிறது. சந்தேகத்தின் பயன் எதிரிக்கு. நானாக இருந்தாலும் அந்த வாதத்தைத்தான் வைத்திருப்பேன்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். மனிதப் பிள்ளைக்கு அதைச் செய்கிற நிலை எப்படி வந்தது என்று அந்த வாரம் தேடித் தேடி வாசித்தேன். தேடியதில் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே 1833இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நெசவாலைகளில் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வைக்கக்கூடாது. 13 வரைக்கும் நாளுக்கு 9 மணி நேரம்தான். ஆனால் பிறப்புப் பதிவு அந்த நாட்டில் தொடங்கியதே 1837 ஜூலையில். வயதை யார் சொல்வது? வைத்தியர் ஒருவர் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயதுப் பிள்ளையின் உடம்பும் தோற்றமும் இருக்கிறது என்று சான்று எழுதினால் போதும். தகப்பன் ஒரு வயது சொல்வான், ஆலைக்காரனுக்கு வேண்டியது வேறொன்று, வைத்தியருக்குக் கூலி. 1837இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் வைத்தியர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைப் பார்த்து, உயரத்தைவிடப் பல்தான் வயதுக்கு நம்பகமான சாட்சி என்று எழுதி நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தார். 164 வருஷம் கழித்து மாளிகாகந்தையில் என் கட்சிக்காரியின் வாயைத் திறக்கவைத்தது அந்த வழக்கம்தான்.

பல் போதாது என்று தெரிந்ததும் நான் ஹட்டனுக்கு ரயிலேறினேன். அங்கிருந்து பஸ்ஸில் நோர்வுட் தாண்டி பொகவந்தலாவை. பிறகு நடை.

பிள்ளையின் தாய்க்கு என்னைக் கண்டதும் பயம். பொலிஸ் வழக்கில் தன்னையும் பிடித்துப்போக வந்தவள் என்று நினைத்துவிட்டார். தேநீர் வைத்துக் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது. பிள்ளை பிறந்தது எப்போது? "இந்தியன் ஆமி வந்தாங்கல்ல, அந்த வருசம். தீவாளிக்கு முந்துன வாரம்." 1987 ஜூலையில் இந்தியப் படை வந்தது. தீபாவளி ஒக்டோபரில். அப்படியானால் பொலிஸார் கதவைத் தட்டியபோது அவளுக்கு 13 வயதும் ஐந்து மாதமும். ஆனால் தாயின் வாய்ச்சொல் மட்டும் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையில் அரை மணி நேரம் தாங்காது.

ஏன் பதியவில்லை என்று கேட்டேன். பேறுகாலத்துக்குத் தன் தாய் இருந்த தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அந்தத் தோட்டத்தில் "நீ எங்க செக்ரோல்ல இல்ல" என்றார்களாம்; திரும்பி வந்தபோது இங்கே "இங்க பொறக்கல" என்றார்களாம். மாதம் கடந்தது. அந்தக் குடும்பம் அப்போது இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்த வீடு. இன்றைக்கோ நாளைக்கோ கப்பல் என்று இருந்தவர்களுக்கு இந்த நாட்டுப் பத்திரம் பெரிதாகப் படவில்லை. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனதன் நிழல் 1987இல் பிறந்த ஒரு பிள்ளையின் வாய்க்குள் வந்து விழுந்தது எனக்கு அந்த லயத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

பிறகு அவர் எனக்குக் கணக்குச் சொன்னார். குரலில் குற்ற உணர்வும் இல்லை, கெஞ்சலும் இல்லை. புருஷன் இல்லை. மழை நாளில், வறட்சி மாதத்தில் பேர் குறையும். தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அடுத்தது ஆறு கட்டைக்கு அப்பால், பஸ் காசு வேண்டும். சின்னவர்கள் இரண்டு பேர். அந்தச் சமயம் பார்த்துத் தரகர் வந்தார். மாதம் 600 ரூபா, மூன்று மாதக் காசு முன்பணம். டிவி இருக்கிற வீடு, இறைச்சியும் மீனுமாகச் சாப்பாடு, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவார்கள். அந்த முன்பணத்தில் பாதிக் கடன் அடைந்தது. அதற்குப்பின் 600 சில மாதம் வந்தது, சில மாதம் 400 வந்தது, கடைசி ஐந்து மாதம் ஒன்றும் வரவில்லை.

இறைச்சியும் மீனும் என்ற வார்த்தை எனக்குத் தைத்தது. ரொபர்ட் பிளிங்கோ என்ற அநாதைப் பையன் 1799இல், சுமார் ஏழு வயதில், லண்டனின் செயின்ட் பான்கிராஸ் ஏழைகள் இல்லத்திலிருந்து நொட்டிங்காம் பக்கத்து நூலாலைக்கு வண்டியேற்றப்பட்டான். கூடச் சுமார் எண்பது பிள்ளைகள். அங்கே வாட்டிய மாட்டிறைச்சி கிடைக்கும், கனவான்கள் போல வாழலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். போய் இறங்கியதும் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை, தரையில் விழும் பஞ்சைப் பொறுக்குவது.

அந்தப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோனது எது? வறுமை என்று ஒரே சொல்லில் விடை எழுதிவிடலாம்; பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். ஆனால் வறுமை அதற்கு முன்னும் இருந்தது. ஆரம்பகால நூலாலைகள் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடின. ஆறு வேகமாக இறங்கும் இடத்தில், ஊர் இல்லாத இடத்தில் நின்றன. அங்கே போய் வேலை செய்யப் பெரியவர்கள் தயாராக இல்லை. அதேநேரம் லண்டனின் திருச்சபைப் பங்குகளுக்கு அநாதைப் பிள்ளைகளைச் சோறு போட்டு வளர்க்கும் செலவு பாரமாக இருந்தது. இயந்திரத்துக்கு உடம்பு வலு வேண்டியதில்லை; அறுந்த நூலை முடிய, இயந்திரத்தின் அடியில் நுழைந்து கழிவுப் பஞ்சை அள்ளச் சின்னக் கையும் சின்ன உடம்பும் போதும். ஆளின் கூலியில் ஒரு துண்டு கொடுத்தால் போதும். எதிர்த்துப் பேசாது. இவை அத்தனையும் சேர்ந்த இடத்தில்தான் பிள்ளை தொழிலாளியாகிறது. ஏழைத் தாய் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. நாங்கள் எப்போதும் அந்தக் கண்ணியை மட்டும் கூண்டில் ஏற்றுகிறோம்.

எங்கள் தோட்டங்களும் அதே கணக்கில் கட்டப்பட்டவை. கங்காணி தனி ஆளைக் கூட்டிவரவில்லை, குடும்பத்தைக் கூட்டிவந்தார். 1927இல் வந்த இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நல்ல சட்டம் என்று சொல்வார்கள். அது ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம், பிள்ளைக்கு ஒரு சம்பளம் என்று மூன்று வரிசை போட்டது. பிள்ளைக்கென்று தனி வரிசை வந்துவிட்டால், பிள்ளையின் காசும் சேர்ந்தால்தான் வீடு ஓடும் என்று பெரியவரின் சம்பளம் நிர்ணயமாகிவிட்டது என்று பொருள். பின்னாளில் பிள்ளைகள் கொழுந்து மலையிலிருந்து இறக்கப்பட்டார்கள். நல்லதுதான். ஆனால் தாயின் பேர்க்காசு அந்தப் பிள்ளையின் பங்கைச் சேர்த்துக்கொண்டு உயரவில்லை. மலையில் விட்ட இடத்தைக் கொழும்பின் குசினிகள் பிடித்துக்கொண்டன. கங்காணியின் இடத்தில் தரகர் நின்றார். தொழிற்சாலைக் கதவைத் தட்டுகிற தொழில் அதிகாரி வீட்டுக் கதவுக்கு முன்னால் தயங்கி நிற்பார் என்பது மட்டும் புதிய வசதி.

நான் கிளம்பும்போது தாய் லயத்து வாசல்வரை வந்தார். "அவள நல்லபடியா கூட்டியாந்துருங்கம்மா" என்றார். கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தி, "சின்னவளுக்கு ஒங்க வீட்ல ஏதாச்சும் எடம் இருக்குங்களா? நீங்கன்னா பயமில்ல" என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதோ சொல்லியிருப்பேன்.

திரும்பும் வழியில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். ஆயம்மா இன்னும் வேலையில் இருந்தார். பழைய பிஸ்கட் தகரத்தில் அட்டைகள் வைத்திருந்தார். தடுப்பூசி போட்ட அட்டைகள். பெரிய பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் அட்டைகளைக்கூட எறியவில்லை. "யாராச்சும் கேப்பாங்கன்னு வச்சேன். யாரும் கேக்கல" என்றார். ஒரு மணி நேரம் புரட்டினோம். எண்ணெய்க் கறை பிடித்த ஓர் அட்டையில் தாயின் பெயர், பிள்ளையின் பெயர், பிறந்த தேதி: 1987 ஒக்டோபர். தாய் சொன்ன அதே வாரம்.

அடுத்த தவணையில் ஆயம்மா அட்டையோடு வந்து சாட்சிக் கூண்டில் ஏறினார். கொழும்புக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை. குறுக்கு விசாரணை பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. மதிய இடைவேளைக்குப் பிறகு எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனைக் குறைப்புக்காக எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, அந்தக் குடும்பம் பிள்ளையை வறுமையிலிருந்து காப்பாற்றியது என்றார். நான் எழுந்து, காப்பாற்றியவர்கள் ஐந்து மாதக் காசைக் கொடுக்கவில்லை என்றேன்.

அப்போதிருந்த சட்டத்தில் உச்ச அபராதம் 1,000 ரூபா. அதுவே விதிக்கப்பட்டது. கெய்சர் வீதிக்குப் போகும் ஒரு கட்டுச் சட்டையின் விலை அதைவிடக் கூட. தரகர் கூண்டில் ஏறவேயில்லை. அவருடைய விலாசத்தில் அப்படி யாருமில்லை என்று பொலிஸார் அறிக்கை கொடுத்தார்கள். நீதவானின் வற்புறுத்தலில் நிலுவைக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிள்ளையின் பெயரில் வங்கியில் இட எதிரி ஒப்புக்கொண்டார். வங்கிக்குப் போனால், கணக்குத் திறக்கப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள். தாயின் பெயரில்தான் போடவேண்டியிருந்தது.

அதன்பின் சட்டம் நிறைய மாறியிருக்கிறது. 2003இல் தண்டனைகள் கூடின. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆனது. வேலைக்கு வைக்கும் வயதும் 2021இல் 14இலிருந்து 16க்கு ஏறியது. அதே 2021 ஜூலையில், மலையகத்து டயகமையிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு இறந்தாள். செய்தி வந்த அன்று மாளிகாவத்தை ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் பேசினார். ஓய்வுபெற்றுவிட்டார். "அவளாவது படி எறங்கிப் போனாளே மிஸ்" என்றார். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

அவள் என்று அவர் சொன்ன என் கட்சிக்காரி, 2005 மார்ச்சில் புதுக்கடைக்கு என்னைத் தேடி வந்தாள். உயர்ந்திருந்தாள். சிறுவர் இல்லத்தில் இரண்டு வருஷம் படித்ததில் எழுதவும் வாசிக்கவும் வந்திருந்தது. கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள், 18 முடிந்திருக்கவேண்டுமாம். அடையாள அட்டை இல்லை, பிறப்புப் பதிவு இன்னும் இல்லை. வழக்கில் வைத்த தடுப்பூசி அட்டையின் சான்றுப் பிரதி கிடைத்தால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கிராம சேவகர் சொல்லியிருக்கிறார்.

பதிவறையில் விண்ணப்பித்துப் பிரதி வாங்கிக் கொடுத்தேன். தேதி இருந்த வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இதுல பதினெட்டுன்னு ஒங்களால எழுதித் தர முடியாதுங்களா மிஸ்? நீங்கதானே என் வயசக் கண்டுபுடிச்சீங்க."

முடியாது, இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. பிரதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, படியில் இறங்கும்போது, சித்திரை, வைகாசி, ஆனி என்று விரல் மடித்து எண்ணிக்கொண்டே போனாள்.